வாசக மேடையில் நிற்பவர்

ஞாயிறு திருப்பலி தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது நம் பங்குகள் பலவற்றில் ஒரு காட்சியைக் காணலாம். கோவில்பிள்ளையோ பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவரோ வாசக நூலைக் கையில் ஏந்தியவாறு மக்களிடையே நடந்து வருவார். கண்ணில் படுபவரிடம் குனிந்து, முதல் வாசகத்தை வாசித்துவிடும்படி கேட்பார். ஒருவர் கண்ணாடி கொண்டுவரவில்லை என்பார். இன்னொருவர் தொண்டை சரியில்லை என்பார். மூன்றாமவர் மறுக்கத் தெரியாமல் எழுந்து போவார். சற்று நேரத்தில் அம்மனிதர் எசாயா இறைவாக்கினரின் சொற்களை, ஊரார் அனைவரும் கேட்கும்படியாக, தாமும் முதன்முறையாகப் படித்துக்கொண்டிருப்பார்.

இதைச் சிறு குறையென்று எண்ணிப் புன்னகையுடன் கடந்துவிடுவது வழக்கம். நமக்கு அவ்வாறு கடந்துவிட மனம் வரவில்லை. திருப்பலிக்குரிய அப்பமும் இரசமும் முன்னதாகவே எடுத்து வைக்கப்படுகின்றன. அவற்றைக் கடைசி நிமிடத்தில் தெருவில் தேடும் பங்கு எதுவும் இல்லை. ஆண்டவரின் திருவுடலை வணங்குவது போலவே இறைநூலையும் திருச்சபை என்றும் வணங்கி வந்துள்ளது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில் கற்பித்தது. இரண்டு பந்திகள் நமக்கு விரிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் ஆயத்தம் வேண்டாம் என்று எவர் நமக்குச் சொன்னார்?

நம் கையிலிருக்கும் திருவிவிலியம் பெரும்பாலும் காதால் கேட்பதற்கென எழுதப்பட்டது என்பதை அச்சு நூல் மலிந்த காலத்தில் வாழும் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். எத்தியோப்பிய அமைச்சர் தேரில் அமர்ந்து எசாயாவைப் படித்துக்கொண்டிருந்தபோது, அவர் படிப்பது பிலிப்பின் காதில் விழுந்தது என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. தனித்திருந்த போதும் மனிதர் வாய்விட்டே படித்த காலம் அது. தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் முடிவில், அம்மடல் சகோதரர் அனைவருக்கும் வாசிக்கப்பட வேண்டுமென்று புனித பவுல் ஆணையிட்டே கேட்டுக்கொள்கிறார். திருவெளிப்பாட்டு நூலின் மூன்றாம் வசனத்தைத் திறந்து பாருங்கள். பேறுபெற்றோராக அங்குக் கூறப்படுவோருள் வாசிப்பவர் ஒருமையிலும் கேட்பவர் பன்மையிலும் உள்ளனர். ஒருவர் நின்று வாசிக்க, பலர் அமர்ந்து கேட்கும் சபை அந்த ஒரு வசனத்திலேயே நம் கண்முன் வந்துவிடுகிறது.

பழைய ஏற்பாட்டில் இப்பணிக்கு மிக விரிவான சித்திரம் நெகேமியா நூலின் எட்டாம் அதிகாரத்தில் உள்ளது. நாடுகடத்தப்பட்டுத் திரும்பிய மக்கள், ஏழாம் மாதத்தின் முதல் நாளன்று, எருசலேமின் தண்ணீர் வாயிலுக்கு எதிரேயுள்ள வெளியில் கூடுகின்றனர். ஆடவர், பெண்டிர், புரிந்துகொள்ளும் வயதுடைய எல்லாரும் வந்துள்ளனர். இதற்கென்றே செய்யப்பட்ட மர மேடைமீது எஸ்ரா நிற்கிறார். அவருக்கு வலப்புறம் ஆறு பேர், இடப்புறம் ஏழு பேர். நூல் திறக்கப்பட்டதும் மக்கள் எழுந்து நிற்கின்றனர். விடியற்காலை முதல் நண்பகல் வரை வாசிப்பு நடைபெறுகிறது. (நாற்பது நிமிடத்துக்கு மேல் திருப்பலி நீண்டால் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் நமக்கு இச்செய்தி சற்று உறுத்தலாகவே இருக்கும்.) லேவியர் மக்களிடையே நின்று, வாசித்தவற்றைத் தெளிவாக்கிப் பொருளை விளக்குகின்றனர். கேட்டவர்கள் அழுகின்றனர். அழ வேண்டாம், போய் நல்லுணவு உண்ணுங்கள், ஒன்றும் ஆயத்தம் செய்ய இயலாதவர்களுக்கும் பங்கு அனுப்புங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. அவர்கள் மகிழ்ந்து கொண்டாடியதற்கு அந்நூல் ஒரு காரணம் தருகிறது: தங்களுக்குச் சொல்லப்பட்டவற்றை அவர்கள் புரிந்துகொண்டனர்.

நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் நம் ஆண்டவரும் வாசகராகவே எழுந்து நின்றார். புனித லூக்கா அதை விவரிக்கும் நிதானம் நோக்கத்தக்கது. ஏடு அவரிடம் கொடுக்கப்படுகிறது. அவர் அதைப் பிரித்து, உரிய இடத்தைக் கண்டெடுக்கிறார். வாசித்தபின் ஏட்டைச் சுருட்டி ஏவலரிடம் கொடுத்துவிட்டு அமர்கிறார். எல்லாருடைய கண்களும் அவர்மீது பதிந்திருக்கின்றன. அதன் பின்னரே அவர் பேசத் தொடங்குகிறார். வாசகத்திற்கும் மறையுரைக்கும் இடையே இருந்த அந்த அமைதியை நற்செய்தியாளர் விடாமல் குறித்து வைத்திருக்கிறார்.

தொடக்கத் திருச்சபையில் வாசகர் யார்? ஏறத்தாழ 155ஆம் ஆண்டில் உரோமையில் எழுதிய புனித யுஸ்தீன், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் திருத்தூதர்களின் நினைவேடுகளோ இறைவாக்கினர்களின் நூல்களோ நேரம் இடங்கொடுக்கும் வரை வாசிக்கப்பட்டன என்றும், வாசிப்பவர் முடித்தபின் கூட்டத் தலைவர் அறிவுரை கூறினார் என்றும் குறிப்பிடுகிறார். வாசிப்பவர் வேறு, தலைமை தாங்குபவர் வேறு என்பது அப்போதே தெளிவு.

நூறு ஆண்டுகள் கழித்து, தேசியு மன்னன் காலத்து வேதகலாபனையின்போது, கார்த்தேஜ் ஆயர் புனித சிப்ரியான் இருவரை வாசகராக ஏற்படுத்தித் தம் சபைக்கு மடல் வரைந்தார். அவர்களுள் ஒருவர் அவுரேலியு என்னும் இளைஞர். அவர் இருமுறை விசாரிக்கப்பட்டு, ஒருமுறை நாடுகடத்தப்பட்டு, மறுமுறை வதைக்கப்பட்டவர். மற்றவர் செலரீனு, உரோமைச் சிறையில் பத்தொன்பது நாள் கால்கள் மரச்சட்டத்தில் மாட்டப்பட்டுக் கிடந்தவர். அவருடைய பாட்டியும் மாமன்மாரும் மறைசாட்சிகள். தழும்புகள் இன்னும் தெரிகின்ற அவரை வாசக மேடையில் ஏன் நிறுத்தினேன் என்பதற்குச் சிப்ரியான் கூறும் காரணம் இது: நீதிமன்றத்தில் கிறிஸ்துவை அறிக்கையிட்ட வாயே சபையில் நற்செய்தியையும் அறிவிப்பதுதான் பொருத்தம். குரல்வளமோ கல்வித் தகுதியோ அவர் பேச்சில் முதலிடம் பெறவில்லை. மூப்பர்களுக்குரிய அளவிலேயே இவ்விருவருக்கும் சபையின் உதவிப்பணம் பிரிக்கப்பட வேண்டுமென்றும் அவர் ஏற்பாடு செய்தார்.

இன்னொரு நிகழ்ச்சி நம் குடும்பங்களுக்கு நெருக்கமானது. தியோகிளேசியன் மன்னன் இறைநூல்களைக் கைப்பற்றி எரிக்குமாறு ஆணையிட்ட 303ஆம் ஆண்டில், மே 19ஆம் நாள், வட ஆப்பிரிக்காவின் சிர்த்தா நகரில் அதிகாரிகள் கிறிஸ்தவர் கூடும் இல்லத்திற்கு வந்தனர். இன்று அல்ஜீரியாவில் கான்ஸ்டன்டைன் என்று வழங்கும் ஊரே அது. அன்று நடந்ததை அரசு எழுத்தர் சொல்லுக்குச் சொல் பதிவு செய்தனர். பின்னர் 320ஆம் ஆண்டு நடந்த ஒரு வழக்கில் அப்பதிவு வாசிக்கப்பட்டதால் இன்றும் நமக்குக் கிடைக்கிறது.

நூல்களைக் கொடுங்கள் என்று அதிகாரி கேட்கிறார். அவை வாசகர்களிடம் உள்ளன என்கிறார் ஆயர் பவுல். முதலில் கோவில் பொருள்களுக்குப் பட்டியல் எடுக்கப்படுகிறது. பொற்கிண்ணங்கள் இரண்டு, வெள்ளிக் கிண்ணங்கள் ஆறு என்று தொடங்கும் அப்பட்டியலில் பெண்களுக்கான அங்கிகள் 82ம், பெண்களுக்கான காலணிகள் 47 இணைகளும் உள்ளன. ஏழைகளுக்குக் கொடுப்பதற்காக வைத்திருந்தவை இவை என்று அறிஞர்கள் கருதுகின்றனர். அடுத்து நூலறைக்குள் நுழைகின்றனர். அலமாரிகள் வெறுமையாக இருக்கின்றன! துணைத்தொண்டர் ஒருவர் மிகப் பெரிய நூல் ஒன்றை மட்டும் கொண்டுவந்து தருகிறார். ஏன் ஒன்றே ஒன்று என்று கேட்டதற்கு, தாங்கள் துணைத்தொண்டர்கள் மட்டுமே, நூல்கள் வாசகர்களிடம் இருக்கின்றன என்று விடை வருகிறது. வாசகர்களின் பெயர்களையாவது சொல்லுங்கள் என்கிறார் அதிகாரி. தாங்கள் காட்டிக்கொடுப்பவர்கள் அல்லர், வேண்டுமானால் தங்களைக் கொன்றுவிடலாம் என்று துணைத்தொண்டர் இருவரும் மறுத்து, சிறைபிடிக்கப்படுகின்றனர்.

பின்னர் அதிகாரிகள் வீடு வீடாகச் செல்கின்றனர். எவுஜேனியு வீட்டில் நான்கு நூல்கள். பெலிக்ஸ் வீட்டில் ஐந்து. விக்டரீனு எட்டு கொடுத்தார். இலக்கண ஆசிரியரான விக்டர் இரண்டு நூல்களையும் கட்டப்படாத நான்கு ஏட்டுத் தொகுதிகளையும் தந்தார். கொத்தேயோ என்பவரின் வீட்டில் அவர் இல்லை. அவருடைய மனைவி உள்ளே சென்று ஆறு நூல்களைக் கொண்டுவந்தார். வேறு இருக்கின்றனவா என்று கேட்டபோது இல்லை என்றார். அரசு அடிமை ஒருவன் உள்ளே புகுந்து தேடியும் எதுவும் கிடைக்கவில்லை.

இவர்கள் நூல்களைக் கொடுத்துவிட்டார்களே என்று குறைகூறுவது எளிது. கையளித்தவர்கள் என்ற இழிபெயர் அக்காலத்தில் எத்தகைய பிளவுகளை உண்டாக்கியது என்பதைத் திருச்சபை வரலாறு படித்தவர் அறிவர். வாசலில் படைவீரர் நிற்காத நாம் அவர்களுக்குத் தீர்ப்பிடப் போவதில்லை. நம் கருத்தைக் கவர்வது வேறு. அந்தச் சபையின் இறைநூல்கள் இருந்த இடம் வாசகர்களின் வீடு. நாளை எதை வாசிக்க வேண்டுமோ அது இன்று அவர்கள் குடும்பத்தின் நடுவே, பாத்திரம் பண்டங்களோடு, பிள்ளைகள் நடமாடும் அறையில் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று மனைவிக்கும் தெரிந்திருந்தது. பெயர்கூடப் பதிவு செய்யப்படாத அப்பெண், எழுத்தறிவு பெற்றிருந்தாரோ இல்லையோ, ஆறு நூல்களையும் தேடித் தவிக்காமல் எடுத்து வந்தார். இன்று நம் வாசகர்களுள் எத்தனை பேருடைய வீட்டில், அடுத்த ஞாயிறு அவர் எதை வாசிக்கப் போகிறார் என்பது வீட்டாருக்குத் தெரிந்திருக்கிறது?

காலம் செல்லச் செல்ல இப்பணி சுருங்கியது. குருத்துவத்திற்கு ஏறிச் செல்லும் சிறு பட்டங்களுள் ஒரு படியாகி, குருமடச் சுவர்களுக்குள் அடங்கிற்று. திருப்பலியின் வாசகங்களைக் குருவே பீடத்தில் இலத்தீனில் வாசித்தார். ஓராண்டில் முடிந்து மீண்டும் தொடங்கும் அப்பழைய அட்டவணையில், ஞாயிறுகளில் பழைய ஏற்பாடு ஏறக்குறைய இடம்பெறவே இல்லை. நம் பாட்டன்மார் செபமாலையை உருட்டியபடி பூசை கண்டார்கள் என்றால் அதற்காக அவர்களைப் பழிக்க முடியாது. விவிலியக் கருவூலத்தை மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிட வேண்டும் என்று வத்திக்கான் சங்கம் 1963இல் கேட்டுக்கொண்டது. அதன் கனியாக 1969ஆம் ஆண்டு புதிய வாசக ஒழுங்கு வந்தது. ஞாயிறுகளுக்கு மூன்று ஆண்டுச் சுற்று. முதலாம் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவானுக்குப் பாஸ்கா காலத்தில் சிறப்பிடம். நற்செய்திக்கு முன் இரண்டு வாசகங்கள், இடையே பதிலுரைப் பாடல். தமிழில் இச்சொற்களைக் கேட்கும் நமக்கு, கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1995இல் கிடைத்தது.

வாசகரின் நிலையும் மாறிற்று. 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் பவுல் சிறு பட்டங்களை நீக்கி, வாசகர், பீடத்துணைவர் ஆகிய இரண்டையும் பொதுநிலையினர் ஏற்கக்கூடிய பணிகளாக நிறுவினார். ஆயினும் இப்பணிகளில் முறைப்படி ஏற்படுத்தப்படுவது ஆடவர்க்கே உரியதாக இருந்தது. நம் கோவில்களில் பெண்கள் வாசிக்கவில்லையா என்று கேட்பீர்கள். வாசித்தார்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு அதைத் தற்காலிக அனுமதியாகவே கருதியது. 2021ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அச்சட்டத்தின் 230ஆம் எண்ணிலிருந்து ஆடவர் என்னும் வரையறையை எடுத்துவிட்டார். மறு ஆண்டு சனவரி 23ஆம் நாள், இறைவார்த்தை ஞாயிறன்று, தாமே பெண்களையும் ஆண்களையும் இப்பணியில் ஏற்படுத்தினார். பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தை எடுத்துச் சென்றவர் கெங்கிரேயா சபையின் பெபேயா என்னும் பெண்மணி என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். ஆதலின் இது புதுமை என்று எவரும் கலங்க வேண்டியதில்லை.

சட்டம் திறந்துவிட்ட வாயிலில் நம் பங்குகள் நுழைந்தனவா என்பதே கேள்வி. ஊரில் பெயர் பெற்ற நான்கு குடும்பங்களே மாறி மாறி வாசிக்கும் பங்குகள் உண்டு. வாசக மேடையின் படிகளில் சாதியும் ஏறி நின்று, இன்னார் வரலாம், இன்னார் வரலாகாது என்று பார்த்துக்கொண்டிருக்கும் இடங்களும் உண்டு. இதை மூடி மறைப்பதில் பயனில்லை. வாசகர் பட்டியலை எழுதும் பங்குத்தந்தையும் பேரவையும் அடுத்த மாதம் அதை எழுதும்போது, பங்கின் எந்தத் தெருவிலிருந்து ஒரு பெயர்கூட அதில் வரவில்லை என்று ஒருமுறை பார்த்தால் நன்று. அத்தெருவில் நன்கு வாசிக்கத் தெரிந்தவர் இல்லை என்பார்கள். இல்லையெனில் பயிற்சி கொடுப்பது யாருடைய கடமை?

பயிற்சி என்றதும் சில சொற்கள். தமிழ் நாவுக்குச் சில சோதனைகள் உண்டு. தாமே வழியென்று ஆண்டவர் கூறியதை வாசிப்பவர், ழகரத்தை விட்டு லகரத்தைப் பிடித்தால், வழி வலியாகிவிடுகிறது. பலி பழியாகிவிட்டாலோ எபிரேயர் திருமுகம் முழுவதுமே தடம் மாறிப்போகும். தென்மாவட்டத்தார் வழியை வளியாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறார்கள் என்று நண்பர்கள் கேலி செய்வதும் உண்டு! பிரித்து வாசிப்பதிலும் கவனம் வேண்டும். ‘ஆண்டவர் கூறாதவற்றை’ என்பதில் இடையே மூச்சு வாங்கி, ‘கூறா, தவற்றை’ என்று நிறுத்தினால், கேட்பவர் எந்தத் தவறு என்று விழிப்பார். நம் மொழியில் வினைமுற்று இறுதியில் வருவதால், வாக்கியம் முடியும் வரை பொருள் காத்திருக்கிறது. இறுதிச் சொல்லைக் குரல் தாழ்த்தி விழுங்கிவிடும் வாசகர், அவ்வாக்கியம் முழுவதையுமே விழுங்கிவிடுகிறார். எபேசியர் திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் 3ஆம் வசனம் முதல் 14ஆம் வசனம் வரை கிரேக்க மூலத்தில் ஒரே வாக்கியம். மொழிபெயர்ப்பாளர் அதைத் துண்டாக்கித் தந்துள்ளனர். இருந்தும் முன்கூட்டி ஒருமுறை வாய்விட்டுப் படித்திராதவர் அதன் நடுவில் வழிதவறாமல் வெளியேறுவது அரிது.

வேகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒலிபெருக்கி இருப்பதால் உரக்கக் கத்த வேண்டியதில்லை என்பதைச் சிலருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அரசியல் மேடைப் பேச்சாளரின் தோரணையில் எரேமியாவை முழங்குவதும், கூட்டுறவுச் சங்க அறிக்கையைப் போல உயிரற்று ஒப்புவிப்பதும் ஒருசேரத் தவிர்க்கத்தக்கவை. பேசுபவர் ஆண்டவர், நாவைக் கடனாகக் கொடுத்தவர் வாசகர். அந்த எண்ணம் உள்ளே இருந்தால் குரல் தானே அடங்கும். கைப்பேசியைத் திறந்து அதிலிருந்து வாசிப்பதும் இப்போது பரவி வருகிறது. வாசக நூல் வழிபாட்டுக்கென்றே உரிய நூல். நடுவில் அழைப்பு மணி ஒலிக்கக்கூடிய கருவியை அதன் இடத்தில் வைப்பது நமக்குப் பொருத்தமாகப் படவில்லை. கேட்பவர்களும், ஒருவர் வாசிக்கும்போது குனிந்து தங்கள் கையிலுள்ள தாளிலோ திரையிலோ ஓடிக்கொண்டிருந்தால், சபையாகக் கேட்கும் பேற்றை இழக்கிறார்கள். காது மந்தமான பெரியவர்களுக்கு அது உதவி. மற்றவர்கள் நிமிர்ந்து வாசிப்பவரின் முகத்தைப் பார்க்கலாமே.

முறைப்படி ஏற்படுத்தப்பட்ட வாசகர் இல்லாதபோது வேறு பொதுநிலையினர் வாசிக்கலாம், ஆனால் அவர்கள் தகுதியுடையோராகவும் கவனமாக ஆயத்தம் செய்யப்பட்டோராகவும் இருக்க வேண்டும் என்று திருப்பலி நூலின் பொது விளக்கம் கேட்கிறது. இது பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. ஒரு மாதத்திற்கான வாசகர் பட்டியலைக் கோவில் வாசலில் முன்னதாகவே ஒட்டிவிடலாம். பட்டியலில் பெயருள்ளவர் சனிக்கிழமை இரவு, குடும்ப செபமாலை முடிந்ததும், அவ்வாசகத்தை வீட்டார் முன் ஒருமுறை வாசிக்கட்டும். அதற்கு முந்திய சில வசனங்களையும் பிந்திய சில வசனங்களையும் சேர்த்துப் படித்தால், இறைவாக்கினர் எவரிடம், எந்த நெருக்கடியில் பேசுகிறார் என்பது தெரியவரும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி கேட்டுவிட்டு, ஒன்றும் விளங்கவில்லை என்று சொன்னால், அவரைவிடச் சிறந்த தேர்வாளர் கிடைக்கமாட்டார். மறுபடியும் வாசியுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்டால், விடை தெரியாவிட்டாலும் கேள்வியைக் குறித்துக்கொண்டு பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.

பெந்தக்கோஸ்துப் பெருவிழாவின் முதல் வாசகம் எவருடைய பெயருக்கு நேரே விழுகிறதோ அவருக்கு மட்டும் தனியாக ஒரு சொல். பார்த்தர், மேதர், எலாமியர் என்று தொடங்கி, பிரிகியா, பம்பிலியா வழியாக அரேபியர் வரை நீளும் அப்பட்டியலை நீங்கள் வியாழக்கிழமையே தொடங்கிவிடுவது நல்லது.